இயக்கமும் நிறுத்தமும்: செர்ன் துகள் மோதுவிகளில் பராமரிப்பு ஒருங்கிணைப்பின் வரலாறு (1989–2022)

ஆய்வுச்சுருக்கம்

துகள் முடுக்கிகளின் வரலாறு பெரும்பாலும் கண்டுபிடிப்புகளின் வரலாறாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. அவ்வியந்திரங்கள் எப்போது நிறுத்தப்பட்டன, ஏன் நிறுத்தப்பட்டன, அம்முடிவை எடுத்தவர் யார் என்பன குறைவாகவே பேசப்படுகின்றன. ஜெனீவா அருகிலுள்ள செர்ன் ஆய்வகத்தின் 27 கிலோமீட்டர் சுரங்கத்தில் அடுத்தடுத்து இயங்கிய இரு மோதுவிகளையும் அவற்றின் உணர்கருவிகளையும் சான்றாகக் கொண்டு, இயக்கத்திற்கும் பராமரிப்பிற்கும் இடையே காலம் பங்கிடப்பட்ட முறையை இக்கட்டுரை ஆராய்கிறது. 2008ஆம் ஆண்டு விபத்திற்குப் பின் பராமரிப்பு என்பது இயக்கத்தின் இடைவெளி என்ற நிலையிலிருந்து இயக்கத்தின் எல்லையை வகுக்கும் காரணியாக மாறியது என்பது இதன் முடிபாகும்.

திறவுச்சொற்கள்: செர்ன், துகள் மோதுவி, உணர்கருவி, பராமரிப்பு, மீகடத்துக் காந்தம், அறிவியல் வரலாறு.

முன்னுரை

2012 ஜூலை 4 அன்று ஹிக்ஸ் போசானின் இயல்புகளுக்கு ஒத்த புதிய துகள் ஒன்று கண்டறியப்பட்டதாகச் செர்ன் அறிவித்தது. அறிவியல் வரலாற்று நூல்களில் இந்நாளுக்கு நிலையான இடமுண்டு. ஆனால் அந்நாளைச் சாத்தியமாக்கிய முடிவுகளுள் ஒன்று 2010 ஜனவரியில் நடந்த ஒரு கூட்டத்தில் எடுக்கப்பட்டது. பழுது முழுமையாக நீங்காத ஓர் இயந்திரத்தை உடனே நிறுத்திச் சீர்செய்வதா, பாதி ஆற்றலில் ஓட்டிவிட்டுப் பின்னர் நிறுத்துவதா என்பதே அங்கு எழுந்த வினா. இவ்வினாவிற்கான விடை இயற்பியல் கோட்பாட்டில் இல்லை. காந்தங்களின் நிலை, உணர்கருவிகளின் தேவை, ஆய்வாளர்களின் காத்திருப்பு ஆகியவற்றை ஒருசேர எடைபோட்டே அதற்கு விடை காண வேண்டியிருந்தது. அத்தகைய எடைபோடல் எவ்வாறு ஒரு நிறுவன மரபாக உருவானது என்பதை இனிக் காணலாம்.

ஒரே சுரங்கம், இரு பொறுப்புகள்

1954இல் பன்னிரண்டு நாடுகளால் தொடங்கப்பட்ட செர்ன், முடுக்கிகளைத் தானே கட்டி இயக்குகிறது. உணர்கருவிகளின் நிலை வேறு. பல நாடுகளின் பல்கலைக்கழகங்களும் ஆய்வகங்களும் இணைந்த ஆய்வுக் கூட்டமைப்புகளே அவற்றை வடிவமைத்துப் பராமரிக்கின்றன. செர்ன் அவற்றுள் ஓர் உறுப்பாக மட்டுமே இடம்பெறுகிறது. இன்றைய பெரிய ஹாட்ரான் மோதுவியிலுள்ள அட்லஸ், சி.எம்.எஸ். ஆகிய இரண்டில் ஒவ்வொன்றிலும் ஆயிரக்கணக்கானோர் உறுப்பினராக உள்ளனர்.

இவ்விரு தரப்பின் தேவைகளும் எப்போதும் ஒத்துப்போவதில்லை. கற்றை ஓடும் நேரத்தில் சுரங்கத்திற்குள் எவரும் நுழைய இயலாது. உணர்கருவியில் ஒரு மின்வழங்கி பழுதானால், அது கற்றைப் பாதையை ஒட்டிய குகைக்குள் இருக்குமாயின், அதைச் சீர்செய்ய முடுக்கி நிற்க வேண்டும். முடுக்கியில் பழுது நேர்ந்தால் நன்றாக இயங்கும் உணர்கருவிகள் வீணே காத்திருக்க வேண்டும். இவற்றோடு மூன்றாவது தரப்பும் உண்டு. 1959இல் இயங்கத் தொடங்கிய புரோட்டான் ஒத்தியக்க முடுக்கி, 1976இல் வந்த மீப்பெரு புரோட்டான் ஒத்தியக்க முடுக்கி ஆகியவை பெரிய மோதுவிக்குக் கற்றையை ஊட்டும் சங்கிலியின் கண்ணிகளாகும். அவற்றிலிருந்தே வேறு பல சிறு சோதனைகளும் கற்றையைப் பெறுகின்றன. ஒரு கண்ணியை நிறுத்தினால் அதைச் சார்ந்த அனைவருக்கும் கற்றை நின்றுவிடும்.

எனவே ஆண்டுக்கொரு முறை அனைத்தையும் சேர்த்து நிறுத்தும் வழக்கம் உருவானது. குளிர்காலத்தில் மின்சாரத்திற்குத் தேவையும் விலையும் மிகுதி என்பதால் அந்நிறுத்தம் பெரும்பாலும் ஆண்டிறுதியில் அமைந்தது. இயற்பியலின் நாட்காட்டியை மின்கட்டணமும் சேர்ந்தே வகுத்தது எனலாம்.

லெப் காலம்: 1989–2000

சுரங்கத்தில் முதலில் இயங்கியது லெப் எனப்படும் பெரிய எலக்ட்ரான்–பாசிட்ரான் மோதுவி. ஏலெஃப், டெல்ஃபி, எல்3, ஓப்பல் என்னும் நான்கு உணர்கருவிகள் அதனைச் சூழ்ந்திருந்தன. இக்காலத்தில் முடுக்கிப் பொறியாளர்களும் உணர்கருவி ஆய்வாளர்களும் இணைந்து பணியாற்றக் காரணமான சிக்கல் ஒன்று கற்றையின் ஆற்றலை அளப்பதில் எழுந்தது. Z போசானின் நிறையைத் துல்லியமாகக் கணிக்கக் கற்றையின் ஆற்றல் துல்லியமாகத் தெரிய வேண்டும். நிலவின் ஈர்ப்பால் நிலப்பரப்பு ஏறியிறங்கும்போது, 27 கிலோமீட்டர் சுற்றளவு ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் அளவுக்கு மாறி ஆற்றலைப் பாதிப்பது கண்டறியப்பட்டது. பின்னர், அருகிலுள்ள தொடர்வண்டிப் பாதையிலிருந்து கசியும் மின்னோட்டமும் காந்தங்களின் புலத்தை மாற்றுவது தெரியவந்தது. இவற்றை இரு தரப்பினரும் கூடியே ஆராய்ந்தனர். முடுக்கியின் நிலையை அறியாமல் உணர்கருவியின் தரவைப் பொருள்கொள்ள இயலாது என்பதை இவ்வனுபவம் உறுதிப்படுத்தியது.

பராமரிப்பே பழுதுக்குக் காரணமாகக்கூடும் என்பதற்கும் லெப் சான்று தருகிறது. 1996இல், நிறுத்தத்திற்குப் பின் மீண்டும் இயக்க முற்பட்டபோது கற்றை ஒரு சுற்றைக்கூட நிறைவு செய்யவில்லை. தடை இருந்த இடத்தைக் கண்டறிந்து வெற்றிடக் குழாயைத் திறந்தபோது, உள்ளே இரண்டு பீர் புட்டிகள் கிடந்தன. வேடிக்கையாகவே இந்நிகழ்ச்சி நினைவுகூரப்படுகிறது. எனினும் சுரங்கத்திற்குள் நுழைந்தவர் யார், எப்பகுதி திறக்கப்பட்டது, மூடுமுன் யார் சரிபார்த்தார் என்னும் பதிவின் தேவையை அது உணர்த்துகிறது.

லெப் காலத்தின் கடுமையான முடிவு 2000இல் வந்தது. அதன் இறுதி மாதங்களில் ஏறத்தாழ 115 கிகா எலக்ட்ரான் வோல்ட் நிறையில் ஹிக்ஸ் துகளுக்கான குறிப்புகள் தென்பட்டன. இயக்கம் சில வாரங்கள் நீட்டிக்கப்பட்டது. 2001இலும் ஓட்ட வேண்டும் என ஆய்வாளர்கள் கோரினர். ஆனால் அதே சுரங்கத்தில் அடுத்த மோதுவியை அமைக்கும் பணி தள்ளிப்போகும் நிலை இருந்தது. அப்போதைய தலைமை இயக்குநர் லூசியானோ மையானி நீட்டிப்பை ஏற்கவில்லை. 2000 நவம்பர் 2 அன்று லெப் நிறுத்தப்பட்டது. பின்னாளில் அத்துகளின் நிறை ஏறத்தாழ 125 கிகா எலக்ட்ரான் வோல்ட் எனத் தெரிந்தபோது, அது லெப்பின் எட்டும் எல்லைக்கு அப்பால் இருந்தது புலனாயிற்று. முடிவு சரியென்பதை மெய்ப்பிக்கப் பன்னிரண்டு ஆண்டுகள் ஆயின. முடிவெடுத்தபோதோ அதற்கான சான்று எவரிடமும் இல்லை.

2008: விபத்தும் அதன் விளைவும்

பெரிய ஹாட்ரான் மோதுவியின் அமைப்பு நிறுத்தத்தின் பொருளையே மாற்றியது. அதன் 1,232 இருமுனைக் காந்தங்கள் ஒவ்வொன்றும் ஏறத்தாழ 15 மீட்டர் நீளமுடையவை. மீகடத்து நிலைக்காக அவை 1.9 கெல்வின் வெப்பநிலையில் நீர்ம ஹீலியத்தில் வைக்கப்படுகின்றன. வளையம் எட்டுப் பிரிவுகளாகப் பகுக்கப்பட்டுள்ளது. ஒரு பிரிவிலுள்ள காந்தத்தைத் திறக்க வேண்டுமாயின், அப்பிரிவு முழுவதையும் அறை வெப்பநிலைக்குக் கொண்டுவந்து, வேலை முடிந்தபின் மீண்டும் குளிர்விக்க வேண்டும். சில மணிநேர வேலைக்கும் பல வாரங்கள் செலவாகும். லெப் காலத்தில் இத்தகைய விலை இல்லை.

2008 செப்டம்பர் 10 அன்று முதற்கற்றை சுற்றி வந்தது. ஒன்பது நாட்களுக்குப் பின், செப்டம்பர் 19 அன்று, 3–4ஆம் பிரிவில் மின்னோட்டச் சோதனை நடந்தபோது, இரு காந்தங்களுக்கு இடையிலான மின்இணைப்பு ஒன்று பழுதானது. எழுந்த மின்வில் ஹீலியக் கலத்தைத் துளைத்தது. டன் கணக்கில் ஹீலியம் வெளியேறி, அதன் அழுத்தத்தால் சில காந்தங்கள் இருந்த இடத்திலிருந்தே பெயர்ந்தன. 53 காந்தங்கள் மேலே கொண்டுவரப்பட்டுச் சீர்செய்யப்பட்டன அல்லது மாற்றப்பட்டன. 2009 நவம்பர் 20 அன்றுதான் கற்றை மீண்டும் ஓடியது. அதுவரை பதினான்கு மாதங்கள், ஆயத்தநிலையிலிருந்த உணர்கருவிகள் மோதல் எதையும் பதிவு செய்யவில்லை. விண்வெளியிலிருந்து வரும் அண்டக்கதிர்த் துகள்களைக் கொண்டே அவற்றின் அளவீடுகள் சரிபார்க்கப்பட்டன.

விபத்தின் காரணம் ஓர் இணைப்பிலிருந்தாலும், அத்தகைய இணைப்புகள் வளையம் முழுவதும் ஏறத்தாழ பத்தாயிரம் இருந்தன. அவை அனைத்தையும் வலுப்படுத்தாமல் வடிவமைப்பு ஆற்றலான 7 டெரா எலக்ட்ரான் வோல்ட்டை எட்ட இயலாது. வலுப்படுத்தவோ நீண்ட நிறுத்தம் தேவை.

சாமோனி முடிவு

பிரான்ஸின் சாமோனியில் நடைபெறும் முடுக்கிப் பயிலரங்கு 2010 ஜனவரியில் இச்சிக்கலை எடுத்துக்கொண்டது. ஒரு கற்றைக்கு 3.5 டெரா எலக்ட்ரான் வோல்ட் என்ற பாதுகாப்பான ஆற்றலில் 18 முதல் 24 மாதங்கள் ஓட்டுவது, அதன்பின் நீண்ட நிறுத்தத்தில் இணைப்புகள் அனைத்தையும் சீர்செய்வது என்னும் திட்டம் உருவானது. அமெரிக்காவின் ஃபெர்மி ஆய்வகத்தில் டெவட்ரான் மோதுவி அப்போது இயங்கிக்கொண்டிருந்தது என்பதும் இங்குக் கருதத்தக்கது. 2010 மார்ச் 30 அன்று இவ்வாற்றலில் மோதல்கள் தொடங்கின. 2011 தொடக்கத்தில், இயக்கம் நன்முறையில் நடந்ததைக் கண்டு, நிறுத்தத்தைத் தள்ளிவைத்து 2012இலும் ஓட்ட முடிவாயிற்று. 2012இல் ஆற்றல் 4 டெரா எலக்ட்ரான் வோல்ட்டாக உயர்த்தப்பட்டது. அவ்விரு ஆண்டுகளின் தரவே ஹிக்ஸ் அறிவிப்பிற்கு அடிப்படையானது. ஒத்திவைக்கப்பட்ட பராமரிப்பின் மேல் நின்றே அக்கண்டுபிடிப்பு நிகழ்ந்தது என்பது மிகைக்கூற்றன்று.

நாள்தோறும் நடைபெறும் ஒருங்கிணைப்பு

பெருமுடிவுகளுக்கு அடியில் அன்றாட ஒருங்கிணைப்பு ஒன்று இடையறாது நடைபெறுகிறது. 2006இல் பிரேவெசனில் திறக்கப்பட்ட கட்டுப்பாட்டு மையம், முன்பு தனித்தனியே இருந்த முடுக்கிக் கட்டுப்பாட்டு அறைகளை ஒரே கூடத்தில் சேர்த்தது. உணர்கருவிகளின் கட்டுப்பாட்டு அறைகளோ அவையவை அமைந்த இடங்களில் தனித்தே உள்ளன. இரவுபகலாக முறைவைத்துப் பணிபுரிவோருள் முனைவர்பட்ட மாணவர்களும் அடங்குவர்.

கற்றையைச் செலுத்துமுன் 'கைகுலுக்கல்' என்றழைக்கப்படும் நடைமுறை பின்பற்றப்படுகிறது. முடுக்கி மையம் தன் நோக்கத்தை அறிவிக்க, உணர்கருவிகள் ஒவ்வொன்றும் தம் மென்மையான பகுதிகளின் மின்னழுத்தத்தைக் குறைத்து ஆயத்தநிலையை உறுதிசெய்தபின்னரே அடுத்த கட்டம் தொடங்கும். கற்றை நிலைபெற்றதாக அறிவிக்கப்பட்ட பிறகே உணர்கருவிகள் முழு மின்னழுத்தத்திற்கு ஏறும். வடிவமைப்பு ஆற்றலில் ஒரு கற்றை ஏறத்தாழ 360 மெகா ஜூல் ஆற்றலைத் தாங்குவதால், கற்றை இழப்பு வரம்பை மீறினால் சில சுற்றுகளுக்குள் அது வளையத்திலிருந்து வெளியேற்றப்படும். ஒரு சுற்று 89 மைக்ரோ நொடி மட்டுமே. இவ்வெளியேற்றத்தைத் தூண்டும் உரிமை உணர்கருவிகளுக்கும் உண்டு. அவற்றின் கண்காணிப்புக் கருவிகள் எவரிடமும் அனுமதி கோராமல் கற்றையை நிறுத்தவல்லவை. இரு தரப்பின் அதிகாரப் பங்கீடு இங்கு மின்சுற்றிலேயே எழுதப்பட்டுள்ளது.

நீண்ட நிறுத்தங்கள்

2013 பிப்ரவரியில் தொடங்கிய முதல் நீண்ட நிறுத்தத்தில் பத்தாயிரத்திற்கும் மேற்பட்ட இணைப்புகள் வலுப்படுத்தப்பட்டன. இக்காலத்தை உணர்கருவிகளும் பயன்படுத்திக்கொண்டன. அட்லஸ், கற்றைக்கு ஏறத்தாழ 33 மில்லிமீட்டர் தொலைவில் புதிய படப்புள்ளி அடுக்கொன்றைச் செருகியது. மும்பை டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தின் முதன்மைப் பங்களிப்பில் உருவான, சி.எம்.எஸ். உணர்கருவியின் வெளிப்புற ஹாட்ரான் ஆற்றலளவியில் பழைய ஒளியுணரிகள் நீக்கப்பட்டுச் சிலிக்கான் ஒளிப்பெருக்கிகள் பொருத்தப்பட்டன. இந்தியாவின் பங்கு சுரங்கத்திலும் உண்டு. 35 டன் எடையுள்ள இருமுனைக் காந்தங்களைத் தாங்கி, அவற்றின் நிலையை நுண்ணளவில் திருத்த உதவும் ஏறத்தாழ 7,000 தாங்கிகள், இந்தூரிலுள்ள மேம்பட்ட தொழில்நுட்ப மையத்தின் பொறுப்பில் இந்தியாவில் செய்யப்பட்டவை. நிலம் சிறிது சிறிதாக நகரும் சுரங்கத்தில், ஒவ்வொரு நிறுத்தத்தின்போதும் காந்தங்களை நேர்செய்ய உதவுபவை இவையே.

2015 மார்ச்சில், மறுதொடக்கத்தின் வாயிலில், ஒரு காந்தச் சுற்றில் சிறு உலோகத் துணுக்கால் குறுக்குமின்சுற்று ஏற்பட்டது. பிரிவைச் சூடாக்கித் திறந்தால் பல வாரங்கள் இழக்க நேரும். மாறாக, மின்னோட்டத்தைச் செலுத்தித் துணுக்கை எரித்துவிட முயன்று வெற்றி கண்டனர். ஏப்ரல் 5 அன்று கற்றை ஓடியது. குளிர்நிலையின் விலையை 2008இல் கற்ற ஒரு நிறுவனம் எடுத்த முடிவு இது.

2018 டிசம்பரில் தொடங்கிய இரண்டாம் நீண்ட நிறுத்தம் கொரோனாப் பெருந்தொற்றால் நீண்டது. 2022 ஜூலை 5 அன்று மூன்றாம் இயக்கக் காலம் தொடங்கியது. அதே ஆண்டு ஐரோப்பிய ஆற்றல் நெருக்கடியை முன்னிட்டு, ஆண்டிறுதி நிறுத்தம் இரண்டு வாரங்கள் முன்னதாக நவம்பர் 28 அன்றே தொடங்கப்பட்டது. மின்சாரம் நாட்காட்டியை வகுக்கும் பழைய மரபு மீண்டும் வெளிப்பட்டது.

முடிவுரை

லெப் காலத்தில் நிறுத்தம் என்பது இரு இயக்கக் காலங்களுக்கு இடைப்பட்ட ஓய்வாக இருந்தது. 2000இன் இறுதி முடிவு, நிறுத்துவதும் ஓர் அறிவியல் தேர்வே என்பதை வெளிப்படுத்தியது. 2008 விபத்து அத்தேர்வை ஒருமுறைக்குரியதாக அன்றி நிலையான நடைமுறையாக்கியது. எந்த ஆற்றலில், எத்தனை மாதங்கள், எந்தப் பழுதைத் தாங்கிக்கொண்டு ஓட்டுவது என்பதைப் பராமரிப்பின் நிலையே வரையறுத்தது. முடுக்கியின் தேவையால் வந்த நிறுத்தத்தை உணர்கருவிகள் தம் புதுப்பித்தலுக்குப் பயன்படுத்தின. உணர்கருவிகளின் தரவுத் தேவை நிறுத்தத்தின் நாளைத் தள்ளிவைத்தது. 2012இன் கண்டுபிடிப்பை எழுதும் வரலாறு, 2010இல் ஒத்திவைக்கப்பட்ட பழுதுபார்ப்பையும் 2013இல் சுரங்கத்திற்குள் இணைப்புகளை ஒவ்வொன்றாகத் திறந்து மூடிய தொழில்நுட்பப் பணியாளர்களையும் சேர்த்து எழுதும்போதே முழுமை பெறும்.