பாஸ்க் மக்களின் தகப்பன் வழி

ஸ்பெயினும் பிரான்சும் சந்திக்கும் பிரனீஸ் மலையின் மேற்குக் கோடியில், கடலை ஒட்டி வாழ்பவர்கள் பாஸ்க் மக்கள். அவர்களுடைய எயுஸ்கரா மொழிக்கு இன்று உயிரோடிருக்கும் உறவு மொழி ஒன்றுகூட இல்லை. (நம் திராவிட மொழிகளோடு முடிச்சுப் போட்டுப் பார்த்தவர்களும் உண்டு. மொழியியலாளர்கள் அதை ஏற்கவில்லை.) ரீசஸ் நெகட்டிவ் ரத்தமும் இவர்களிடம் மிக அதிகம். ஆகவே, குகைச் சுவர்களில் காட்டெருது வரைந்த பனியுக வேட்டைக்காரர்களின் நேர் வாரிசுகள் இவர்களே என்று வெகுகாலம் நம்பினார்கள். 1895-இல் பாஸ்க் தேசியக் கட்சியைத் தொடங்கிய சபினோ அரானா, கலப்பில்லாத இனம் என்ற நினைப்பின் மேல்தான் தன் அரசியலையே கட்டினார்.

பிறகு மரபணு ஆராய்ச்சி வந்தது. ஒய் குரோமோசோம் நம் கோத்திரம் மாதிரி, தகப்பனிடமிருந்து மகனுக்கு மட்டுமே இறங்கும். பாஸ்க் ஆண்களில் 100-க்கு 80 பேருக்கும் மேல் ஆர்1பி என்ற ஒரே பிரிவைச் சேர்ந்தவர்கள். "பார்த்தீர்களா, பனியுகத் தகப்பன்!" என்று 2000-ஆம் ஆண்டு வாக்கில் ஆய்வாளர்களே எழுதினார்கள்.

எலும்புகள் வேறு கதை சொல்லின. ஐபீரியத் தீபகற்பத்தில் வாழ்ந்த 271 பழங்கால மனிதர்களின் மரபணுவை ஆராய்ந்து 2019-இல் ஒரு கட்டுரை வெளியானது. கி.மு. 2500-க்கு முந்தைய உழவர்களிடம் இந்தக் கிளை இல்லை. அதற்குப் பின், கருங்கடலுக்கு வடக்கேயுள்ள புல்வெளியில் வேர்கொண்ட மக்களோடு அது வந்து சேர்ந்திருக்கிறது. கி.மு. 2000-க்குள் மொத்த மரபில் 40 சதவீதம் மாறியது. தகப்பன் வழியோ ஏறக்குறைய முழுவதும் மாறிவிட்டது! படையெடுப்பா, அல்லது சில குடும்பத்து ஆண்களின் பிள்ளைகள் மட்டும் தலைமுறை தலைமுறையாகப் பெருகினார்களா என்று இன்னும் வாதிடுகிறார்கள். பழைமைக்குச் சாட்சியாகக் கூண்டில் ஏற்றிய தகப்பன் வழிதான் கடைசியில் வந்து சேர்ந்தது என்பது வேடிக்கை.

அப்படியானால் பாஸ்க் மக்கள் தனித்துத் தெரிவது எப்படி? இரும்புக் காலத்துக்குப் பிறகு ரோமானியர், வட ஆப்பிரிக்கர் என்று மற்ற ஸ்பானியர்களிடம் கலந்தவர்கள் இவர்களிடம் அதிகம் கலக்கவில்லை. அவ்வளவுதான்.

எனக்கு வியப்பு மொழியில்தான். புல்வெளி மரபினர் போன இடமெல்லாம் பெரும்பாலும் இந்தோ-ஐரோப்பிய மொழிகளே வேரூன்றின. இங்கே தகப்பன் வழி அடியோடு மாறியும் எயுஸ்கரா நிற்கிறது. வந்த ஆண்களின் பிள்ளைகளுக்குத் தாய்மார்கள் தங்கள் பேச்சையே ஊட்டி வளர்த்திருப்பார்கள் என்பது என் ஊகம். நாம் அதைத் தாய்மொழி என்றுதானே சொல்கிறோம்!