வளவுக்குள் வந்த மயிலை என்ன செய்வது?

2021 ஆம் ஆண்டு தை மாதம், மாரி ஓய்ந்த ஒரு காலையில் எங்கள் கிணற்றடியில் ஒரு மயில் படுத்திருந்தது. ஒட்டுசுட்டான் பக்கத்தில் மயில் ஒரு புதினம் இல்லை. 2010 இல் முகாமிலிருந்து திரும்பி வந்தபோது எங்கள் வீட்டில் எஞ்சியிருந்தவை அரைச்சுவரும் கிணறும்தான். பற்றை மண்டிக் கிடந்த வளவில் எங்களுக்கு முன்னரே மயில்கள் குடியேறியிருந்தன. தறப்பாள் கொட்டிலில் படுத்த முதல் இரவுகளில் அவை அகவும் சத்தத்தைக் கேட்டு, யாரோ அழுகிறார்கள் என்று என் மகள் எழும்பி உட்கார்ந்துவிடுவாள்.

ஆகவே மயிலைக் கண்டது எனக்குப் பெரிதாகத் தெரியவில்லை. ஆளைக் கண்டும் அது எழும்பாமல் கிடந்ததுதான் யோசிக்க வைத்தது. கிட்டப்போய்ப் பார்த்தேன். வலது காலில், மோட்டார் சைக்கிள் கிளச் கம்பியில் செய்த சுருக்கு இறுகியிருந்தது. பன்றிக்கோ முயலுக்கோ யாரோ வைத்த கண்ணி. அன்று நான் செய்தவற்றில் பாதி பிழை என்பதைப் பிறகு கால்நடை வைத்தியர் சொல்லித்தான் அறிந்தேன். மீள்குடியேறிய ஊர்களில் பலருக்கும் இப்படி ஒரு காலை வரக்கூடும் என்பதால் இதை எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைப் பார்க்க வேண்டும். வந்திருக்கும் மயிலுக்கு உண்மையில் உதவி தேவையா? வேலியில் நிற்பதும், கோழிக்குப் போட்ட தீனைப் பொறுக்குவதும், கூரையில் ஏறி இருப்பதும் அதன் வழக்கமான சீவியம். பின்தோகை முழுதாக உதிர்ந்த ஆண் மயிலைக் கண்டு நோய் என்று சிலர் பயப்படுகிறார்கள். இனப்பெருக்க காலம் முடிந்தபின் வருடத்துக்கு ஒருமுறை தோகை உதிர்ந்து மீண்டும் முளைக்கும். அதேபோல, நீலக் கழுத்து இருந்தும் தோகை இல்லாமல் திரிவது பெட்டை அல்ல, இளம் சேவல். முழுத்தோகை வர மூன்று வருடமளவில் செல்லும். சிறகு தொங்கினால், கால் ஊன்ற முடியாவிட்டால், காயமோ இரத்தமோ இருந்தால், ஆள் கிட்டப்போயும் நகராவிட்டால் மட்டும் கையை வையுங்கள்.

நான் செய்த முதல் பிழை, துரத்திப் பிடித்தது. மகனும் நானும் அதை வளவைச் சுற்றி விரட்டினோம். பயத்தில் ஓடிக் களைத்த காட்டுப் பறவை காயத்தால் அல்ல, அந்தப் பதற்றத்தாலேயே செத்துப்போகலாம் என்று வைத்தியர் பிறகு சொன்னார். நாய்களைக் கட்டிவிட்டு, பிள்ளைகளை உள்ளே அனுப்பிவிட்டு, ஒரு பழைய படுக்கை விரிப்பைத் தலையோடு சேர்த்துப் போர்த்துங்கள். கண் மறைந்தால் பாதி அடங்கிவிடும். சிறகிரண்டையும் உடம்போடு அணைத்து, மற்றக் கையால் கால்களைப் பிடிக்க வேண்டும். ஆண் மயிலின் காலில் உள்ள முள் கையைக் கிழித்துவிடும். தோகையைப் பிடித்து இழுத்தால் இறகுதான் கையில் மிஞ்சும். நெஞ்சை அமத்தவே கூடாது. பறவைகள் நெஞ்செலும்பை அசைத்துத்தான் மூச்சு விடுகின்றன, இறுக்கிப் பிடித்தால் மூச்சு நின்றுவிடும்.

எங்கள் பகுதிக்கென்று இன்னொரு எச்சரிக்கையும் உண்டு. காயப்பட்ட மயில் பற்றைக்குள் ஓடினால், பின்னால் ஓடாதீர்கள். மிதிவெடிப் பலகை நட்ட காணியும், இன்னும் துப்புரவாக்கப்படாத பற்றையும் வன்னியில் முடிந்த கதை இல்லை. பிள்ளைகளுக்கு இதைத் தெளிவாகச் சொல்லி வையுங்கள்.

பிடித்த பிறகு அதற்குத் தேவை இருட்டும் அமைதியும். பாவிக்காத குசினி, விறகுக் கொட்டில், எதுவானாலும் சரி. நிலத்தில் உரப்பை விரியுங்கள். வழுக்கும் சீமெந்து நிலமும் கடதாசியும் காலுக்குக் கூடாது. கோழிக்கூட்டுக்குள் மட்டும் விடாதீர்கள். கோழிக்குப் பெரிதாக ஒன்றும் செய்யாத குடற்புழுவோடு வரும் கருந்தலை நோய் மயிலைக் கொன்றுவிடலாம். மறுபக்கம், ராணிக்கட்டு நோய் மயிலிலிருந்து கோழிக்கும் வரலாம். கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவ மறக்க வேண்டாம்.

இரண்டாவது பிழையை என் மனைவி செய்தாள். பாவம் என்று சொண்டைத் திறந்து கரண்டியால் தண்ணீர் வார்த்தாள். மயிலின் மூச்சுக்குழல் வாசல் நாக்கின் அடியில் இருக்கிறது. வார்க்கிற தண்ணீர் நேரே நெஞ்சுக்குள் போகலாம். ஒரு சட்டியில் தண்ணீர் வைத்துவிட்டு விலகி நில்லுங்கள், வேண்டியபோது அதுவே குடிக்கும். பால், பாண், கறிச்சோறு வேண்டாம். நெல், குரக்கன், சோளம், கீரை, பப்பாசிப் பழம் போதும்.

கம்பியை எடுக்கும்போது அவசரப்படக் கூடாது. குறட்டால் வெட்டி மெதுவாகத் தளர்த்தி, ஆறின உப்புத் தண்ணீரால் கழுவினேன். அயலவர் ஒருவர் மண்ணெண்ணெய் பூசச் சொன்னார். நல்லகாலம், வீட்டில் இருக்கவில்லை. எண்ணெய் வகை எதையும் பூச வேண்டாம், இறகு நனைந்து ஒட்டினால் அது மழைக்கும் குளிருக்கும் தாங்காது. எலும்பு முறிந்திருந்தால் தடி வைத்துக் கட்டும் கைவைத்தியம் செய்யாமல், பிரதேச கால்நடை வைத்திய அலுவலகத்துக்குக் கொண்டுபோங்கள்.

அதோடு வனசீவராசிகள் திணைக்களத்துக்கும் அறிவிக்க வேண்டும். 1937 ஆம் ஆண்டின் வனவிலங்கு, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தின்படி மயில் பாதுகாக்கப்பட்ட பறவை. அனுமதியின்றி அடைத்து வளர்ப்பதும் முட்டை எடுப்பதும் குற்றம். நான் கிராம அலுவலர் ஊடாக அறிவித்தேன். வருகிறோம் என்றவர்கள் நான்காம் நாள்தான் வந்தார்கள். வந்து பார்த்துவிட்டு, கால் ஊன்றியதும் அதே இடத்தில் விடச் சொன்னார்கள். தாமதம் கோபந்தான், ஆனால் அறிவித்த திகதியைக் கொப்பியில் குறித்து வைத்தது எனக்குப் பாதுகாப்பாக இருந்தது.

குஞ்சு கதை வேறு. தனியே நிற்கும் குஞ்சைக் கண்டவுடன் தூக்காதீர்கள். தாய் பெரும்பாலும் பற்றைக்குள் நின்று பார்த்துக்கொண்டிருக்கும். ஒரு மணித்தியாலம் தள்ளி நின்று பாருங்கள். தாய் செத்தது நிச்சயம் என்றால் மட்டும் எடுத்து, பெட்டியின் ஒரு பக்கம் மின்குமிழ் தொங்கவிட்டுச் சூடு கொடுங்கள். சூடு கூடினால் விலகிப்போக மறுபக்கம் இடம் இருக்க வேண்டும். தீன் என்றால் கறையான்தான், புற்றைக் கிளறிக் கொண்டுவந்து கொட்டினால் ஒரு நொடியில் பொறுக்கிவிடும். அவித்த முட்டையின் மஞ்சட்கருவும் குஞ்சுத் தீனும் கொடுக்கலாம். ஆனால் கையில் வளர்ந்த குஞ்சு மனிதரையே தன் கூட்டம் என்று எண்ணிக்கொள்ளும். வளர்ந்தபின் நாயைக் கண்டும் ஓடாது, கண்ணி வைக்கிறவனைக் கண்டும் ஓடாது. ஆகவே கெதியாக ஒப்படைத்துவிடுவதுதான் அதற்குச் செய்யும் நன்மை.

எங்கள் மயில் பதினொரு நாள் விறகுக் கொட்டிலில் இருந்தது. பன்னிரண்டாம் நாள் காலை கதவைத் திறந்துவிட்டோம். கொஞ்சம் நொண்டியபடி நடந்து, வேலிக்கு மேலால் பறந்து, பாலை மரத்தில் ஏறியது. அத்தோடு முடிந்தது என்று நினைத்தேன். அடுத்த கிழமையே திரும்பி வந்தது. முருகனின் வாகனம் வீடு தேடி வருகிறது என்று அம்மா மகிழ்ந்து தினமும் நெல் போடத் தொடங்கினா. தனியே வந்தது, பிறகு பெட்டைகளோடு வந்தது.

பக்கத்து வளவு அக்கா கணவனை இறுதிப் போரில் இழந்தவர். கடன் எடுத்து அரை ஏக்கரில் கச்சான் போட்டிருந்தார். ஒரு நாள் வேலியடியில் நின்று சொன்னார், "தம்பி, நீங்கள் நெல்லுப் போட்டுக் கூப்பிடுறியள். அது என்ரை கச்சானைக் கிளறித் திண்டுபோட்டு உங்கட முற்றத்திலை வந்து ஆடுது." எனக்கு மறுமொழி வரவில்லை. முளைவிட்ட வரிசை முழுக்கக் கிளறிக் கிடந்ததை நானே போய்ப் பார்த்தேன். 2025 பங்குனி 15 ஆம் திகதி அரசாங்கம் நாடு முழுவதும் ஐந்து நிமிடம் குரங்கு, மர அணில்களோடு மயிலையும் எண்ணச் சொன்னபோது பலர் சிரித்தார்கள். அக்கா சிரிக்கவில்லை, கொப்பியும் பேனையும் கொண்டு வளவில் நின்றார்.

அன்றே நெல் போடுவதை நிறுத்தினோம். அம்மா இரண்டு நாள் என்னோடு கதைக்கவில்லை. கச்சான் விதைத்து முளைவிடும் வரையும், பிறகு காய் முற்றும் காலத்திலும்தான் காவல் அதிகம் தேவை. மயில் மேய்வது விடியலிலும் வெயில் தாழ்ந்த பிறகும் என்பதால் நாள் முழுக்க நிற்கத் தேவையில்லை. நானும் மகனும் முறை வைத்து அக்காவின் காணியில் நின்றோம். பழைய கசட் நாடாவை இழுத்துக் கட்டினோம், காற்றில் அது இரையும், மினுங்கும். சில நாட்களில் பழகிவிடும், இடம் மாற்றிக் கட்ட வேண்டும். விதைத்த வரிசைக்கு மேல் வலை விரித்தது நாடாவை விட உதவியது. நஞ்சு வைக்கும் யோசனையை அக்காவே வேண்டாமென்றார், அவரின் கோழிகளும் அங்கேதான் மேய்கின்றன.

நொண்டி மயில் இன்னும் வருகிறது. கிணற்றடியில் தண்ணீர் குடிக்கும், மதிலில் கொஞ்சம் நிற்கும். அக்கா கல்லை எடுத்தால் நான் ஒன்றும் சொல்வதில்லை. எறிவது எப்போதும் ஒரு முழம் தள்ளித்தான் விழுகிறது.