ஒருநாள் நிகழ்ச்சிநிரலும் திண்டுக்கல் சமவெளியும்

அகில இந்திய வானொலியின் திருச்சிராப்பள்ளி நிலையம் 1939 மே 16 அன்று தொடங்கப்பெற்றது. மதுரை நிலையம் 1987இல்தான் அமைந்தது. இடைப்பட்ட அரை நூற்றாண்டில் திண்டுக்கல் வட்டாரத்துக்கு அண்மை நிலையமாக விளங்கியது திருச்சியே.

மங்கல இசை, செய்தி, மாதர் நிகழ்ச்சி, பள்ளி ஒலிபரப்பு, வேளாண் நிகழ்ச்சி, நாடகம், இசைக் கச்சேரி என அமைந்த ஒருநாள் நிரலை வெறும் பட்டியலாகக் கொள்வதற்கில்லை. யார், எப்பொழுது ஓய்ந்திருப்பர் என்ற கணிப்பு அதில் உள்ளது. நண்பகல் இல்லத்தரசியருக்கும், வயல்வேலை முடிந்த மாலை உழவருக்கும் ஒதுக்கப்பட்டன.

1966இல் திருச்சியில் பண்ணை இல்ல ஒலிபரப்புப் பிரிவு தொடங்கப்பெற்றது. அதன்வழிப் பரவிய ஆடுதுறை 27 நெல்லுக்குத் தஞ்சை உழவர் ‘ரேடியோ நெல்’ எனப் பெயரிட்டனர். ஆனால், அது காவிரிப் பாசனத்தின் வெற்றி. கிணற்றுப் பாசனத்தையும் மானாவாரியையும் நம்பிய திண்டுக்கல் உழவருக்கு ஆற்றுப்பாசன அறிவுரை முழுவதும் பொருந்தியிராது. வேற்று நிலத்துக்குரிய பேச்சிலிருந்து தமக்குரியதை அவர்களே தெரிந்தெடுக்க வேண்டியிருந்தது.

பின்னாளில் கொடைக்கானல் மலையுச்சியிலிருந்து பண்பலை ஒலித்தபோது, மாவட்டத்துக்குள்ளேயே ஒரு நிலையம் வாய்த்தது. எனவே, வானொலி வரலாற்றை நிலையங்களின் வரலாறாக மட்டும் எழுதுதல் போதாது. ஒலிபரப்பெல்லையின் ஓரத்திலிருந்து கேட்டோரின் வாய்மொழிச் சான்றுகளும், அவர்கள் வாழும் காலத்திலேயே, தொகுக்கப்பட வேண்டும்.