விமானக் கூரையின் சில்லு

உடும்பஞ்சோலைப் பக்கத்து ஏலத்தோட்டங்களில் வயதானவர்களுக்குப் புரை விழுந்தால் போடிமெட்டு இறங்கித் தேனிக்கு வருவது வழக்கம். பாலக்காட்டின் சித்தூர், கொழிஞ்சாம்பாறைக்காரர்களுக்குக் கோவை பக்கம். திரும்பும்போது முகத்தில் கறுப்புக் கண்ணாடி, மஞ்சப்பையில் சொட்டு மருந்தும் ஓர் அட்டையும். அட்டையில் ஒட்டிய சின்னத் தாளில் 21 என்றோ 22.5 என்றோ ஓர் எண் இருக்கும். கண்ணுக்குள் வைத்த லென்ஸின் பவர் அது. அந்த லென்ஸ் கிளம்பிய இடம் ஒரு போர் விமானம்.

1940 ஆகஸ்ட் 15. தென் இங்கிலாந்து வானில் கார்டன் கிளீவர் ஓட்டிய ஹரிக்கேன் அடிபட்டது. (ஸ்பிட்ஃபயர் என்றே பலரும் எழுதுகிறார்கள், பெயர் அழகாயிருப்பதால் போலும்.) அவர் காப்புக் கண்ணாடி அணிந்திருக்கவில்லை. தலைக்கு மேலிருந்த பெர்ஸ்பெக்ஸ் கூரை சிதறி இரு கண்ணிலும் பாய்ந்தது. ஒரு கண் போயிற்று. முகத்துக்கும் கண்ணுக்குமாக 18 அறுவைச் சிகிச்சைகள்.

செம்புத் துணுக்கு உள்ளே தங்கினால் கண் சீழ்கட்டும். இரும்பு மெல்ல மெல்லப் பார்வையைத் தின்னும். ஆனால் கண் டாக்டர் ஹெரால்டு ரிட்லி பார்த்த விமானிகளின் கண்ணில் இந்தப் பிளாஸ்டிக் சில்லுகள் சும்மா கிடந்தன. சில ஆண்டு கழித்து, புரை எடுப்பதைப் பார்த்துக்கொண்டிருந்த மாணவர் ஒருவர், எடுத்த லென்ஸுக்குப் பதில் வேறு வைப்பதில்லையா என்று கேட்டார். ரிட்லிக்குச் சில்லுகள் நினைவுக்கு வந்தன. 1949 நவம்பர் 29 அன்று லண்டன் செயின்ட் தாமஸ் மருத்துவமனையில் முதல் பெர்ஸ்பெக்ஸ் லென்ஸை வைத்தார். பவர் கணக்குத் தப்பியதால் அந்தப் பெண்மணிக்குக் கடுமையான கிட்டப்பார்வை வந்தது. கண்ணுக்குள் அந்நியப் பொருளை வைப்பதா என்று மூத்த மருத்துவர்கள் கொதித்தார்கள். அமெரிக்க அரசின் ஒப்புதல் வர 1981 ஆயிற்று. மிஞ்சிய கண்ணில் புரை விழுந்த கிளீவருக்கும் 1980களில் லென்ஸ் வைத்தார்கள்.

இந்த லென்ஸ் வரும்வரை நம் ஊரில் புரையை எடுத்துவிட்டுச் சோடாபுட்டிக் கண்ணாடி கொடுத்தனுப்புவார்கள். எல்லாம் கால் பங்கு பெரிசாகத் தெரியும். ஓரத்தில் எதுவும் தெரியாது. ஏலச்செடியின் அடியில், தரையோடு கிடக்கும் சரத்தில், பிஞ்சை விட்டு மூத்த காயை மட்டும் கிள்ள அந்தக் கண்ணாடி உதவுமா?

மதுரை அரவிந்த் மருத்துவமனையை 1976இல் 11 படுக்கைகளோடு தொடங்கிய டாக்டர் கோவிந்தப்ப வெங்கடசாமி ராணுவ மருத்துவராக இருந்தவர். மூட்டுவாதம் விரல்களைக் கோணலாக்க, 1948இல் வெளியே வந்தவர். இறக்குமதி லென்ஸ் நூறு டாலருக்கு மேல் விற்ற காலத்தில், 1992இல் அரவிந்த் தொடங்கிய ஆரோலேப் அதை மதுரையிலேயே கடைந்து ஏறக்குறைய 10 டாலருக்குத் தந்தது. லண்டனில் பிறந்த லென்ஸ் நமக்குப் பிறந்தது அப்போதுதான் என்பேன்.

மடங்கும் லென்ஸ் வந்துவிட்டாலும் பழைய கெட்டி லென்ஸ் இன்னும் ஓயவில்லை. வெள்ளைவிழியில் சுரங்கம்போல ஒரு கீறல்; அதன் வழியே பழுப்பேறிய புரை வெளியே வரும். பிறகு லென்ஸ்: ஆறு மில்லிமீட்டர் வட்டம், இருபுறமும் மயிரிழைக் கால்கள். முதல் கால், புரை இருந்த மெல்லிய பைக்குள் போனதும் வட்டத்தைக் கடிகார முள்போலத் திருப்ப, மற்றதும் உள்ளே விழும். பெரும்பாலும் தையல் வேண்டாம்.

மறுநாள் கட்டைப் பிரித்து, விரல்களைக் காட்டி எத்தனை என்று கேட்பார்கள். கொழிஞ்சாம்பாறைக்காரர் நாலு என்பார். தமிழிலும் மலையாளத்திலும் அது நாலுதான்.