தெற்காசியப் பொது நாணயமும் கும்மிடிப்பூண்டி தரும் சான்றும்

2003 டிசம்பரில் பிரதமர் வாஜ்பாய் தெற்காசியாவுக்குத் திறந்த எல்லைகளும் ஒரே நாணயமும் வேண்டும் என்று பேசினார். இரண்டையும் அவர் சேர்த்தே சொன்னார். பின்னால் வந்த விவாதங்களோ எல்லையை விட்டுவிட்டு நாணயத்தை மட்டும் பிடித்துக்கொண்டன. ஆட்கள் போய்வர வழியில்லாத இடத்தில் பொது நாணயம் நிலைக்காது என்பதே என் வாதம். அதற்கான சான்று கும்மிடிப்பூண்டியிலேயே இருக்கிறது.

இங்குள்ள சிப்காட் உருக்காலைகளிலும் ரோலிங் மில்களிலும் வேலை செய்பவர்களில் பலர் பீகார், ஒடிசா, ஜார்க்கண்ட் ஆட்கள். சம்பளம் வாங்கிய மறுநாள் மாலை செல்போன் கடைகளில் பணம் அனுப்பக் கூட்டம் நிற்கும். கடைக்காரரிடம் ரொக்கத்தை எண்ணிக் கொடுத்துவிட்டு, ஊரில் மனைவியின் கணக்கில் ஏறிவிட்டதா என்று போனில் கேட்ட பிறகுதான் ஆள் நகர்வார். மாற்று விகிதம் என்ற பேச்சே அங்கு எழுவதில்லை. இத்தனைக்கும் தமிழ்நாட்டுக்கும் பீகாருக்கும் உள்ள வருமான இடைவெளி, இந்தியாவுக்கும் இலங்கைக்கும் உள்ளதைவிடப் பெரியது. அப்படியிருந்தும் ரூபாய் இரண்டையும் தாங்குகிறது. வேலையில்லாத ஊரிலிருந்து ரயிலேறி வந்துவிடலாம். வர முடியாதவர்களின் ஊருக்கு மத்திய அரசின் கஜானா வழியே பணம் போகிறது. 15ஆம் நிதிக்குழு மாநிலங்களுக்கான வரிப்பகிர்வில் பீகாருக்கு 10.058 விழுக்காடு கொடுத்தது, தமிழ்நாட்டுக்கு 4.079. இது நமக்கு உறுத்துகிறது, அந்த உறுத்தலில் நியாயமும் உண்டு. ஆனால் ஒரே நாணயத்தை வைத்துக்கொள்வதற்குக் கொடுக்கும் விலையில் இதுவும் சேர்த்தி. நாட்டின் எல்லையைவிட உழைப்பு நடமாடும் எல்லையே நாணயத்துக்குப் பொருத்தமான எல்லை என்று 1961இல் பொருளியலாளர் ராபர்ட் மண்டெல் வாதிட்டதும் இந்த அடிப்படையில்தான்.

இலங்கையும் நாமும் ஒரு காலத்தில் ஒரே ரூபாயைப் புழங்கியவர்கள். 1872 முதல் அங்கு ரூபாய்தான் சட்டப்படி செல்லும் பணம். கங்காணிகள் இங்கிருந்து கூட்டிப்போன தோட்டத் தொழிலாளர்களின் கூலியும் அதில்தான். 1948இன் குடியுரிமைச் சட்டம் அந்த மக்களை நாடற்றவர்களாக்கியது. 1950 ஆகஸ்டில் இலங்கை மத்திய வங்கி பிறந்தது. 1964இல் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் அந்தத் தோட்ட மக்களைத் தலைக்கணக்குப் போட்டு இரு நாடுகளுக்கும் பங்கிட்டது. 1966 ஜூன் 6 அன்று இந்தியா ரூபாயின் மதிப்பைக் குறைத்தபோது இலங்கை உடன் வரவில்லை. ஒன்றுக்கு ஒன்று என்ற சமமதிப்பு முடிந்தது. ஒன்றால்தான் மற்றது நடந்தது என்று நான் சொல்லவில்லை. விடுதலை பெற்ற நாடு தனக்கென மத்திய வங்கி அமைப்பது இயல்பு. ஆனால் ஆட்களைப் பிரித்த இருபது ஆண்டுகளுக்குள் பணமும் பிரிந்தது என்பதைக் காணாமல் கடக்க முடியாது.

மாறாக, பூட்டானின் நுல்ட்ரம் 1974 முதல் நம் ரூபாய்க்குச் சமம். நேபாள ரூபாய் 1993 முதல் 1.6க்கு ஒன்று என்று நிற்கிறது. அந்த இரு நாட்டவரும் விசா இல்லாமல் இங்கு வந்து வேலை செய்யலாம்.

2022 ஏப்ரலில் இலங்கை தன் வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாது என்று அறிவித்தது. டாலருக்கு 200 அளவில் இருந்த அதன் ரூபாய், சில வாரங்களில் 350ஐத் தாண்டியது. அது பெரும் துயரம். பொது நாணயம் இருந்திருந்தால் இந்த வீழ்ச்சி நேர்ந்திருக்காது என்பார்கள். அப்போது கூலி வீழ்ந்திருக்கும், அல்லது வேலை போயிருக்கும். யூரோவுக்குள் இருந்த கிரீஸில் 2013இல் வேலையின்மை 27 விழுக்காட்டைத் தாண்டியது. கிரேக்க இளைஞர் சட்டப்படியே ஜெர்மனிக்குப் போய் வேலை தேட முடிந்தது. 2022இல் பிழைக்க வழியற்ற இலங்கைக் குடும்பங்களோ படகேறி தனுஷ்கோடி மணலில் இறங்கி, மண்டபம் முகாமில் வைக்கப்பட்டன.

கும்மிடிப்பூண்டியிலும் இலங்கைத் தமிழ் அகதிகளுக்கான ஒரு முகாம் இருக்கிறது. அங்கேயே பிறந்து, பெயிண்டிங் வேலைக்குப் போகும் தமிழ் இளைஞருக்குக் கிடைப்பது மில் தொழிலாளி வாங்கும் அதே ரூபாய்தான். ஆனால் ஆள்கணக்கு எடுக்கும் செக்கிங் நாளில் அவர் முகாமில் இருந்தாக வேண்டும். சில அண்டை நாடுகளிலிருந்து வந்தவர்களுக்குக் குடியுரிமைக்கு வழிசெய்யும் 2019இன் குடியுரிமைத் திருத்தச் சட்டத்தில் இலங்கை இல்லை. பணத்துக்கோ வழி திறந்துவிட்டது: 2024 பிப்ரவரி முதல் இந்தியப் பயணி கொழும்புக் கடையில் யுபிஐ மூலம் பணம் கட்டலாம். இரு நாடுகளுக்கும் பொது நாணயம் குறித்த பேச்சு என்றாவது தொடங்கினால், மேசையில் முதலில் வைக்க வேண்டியது இந்த முகாமின் பதிவேடு.