மடுல்சீமை இலையும் ஓர் ஆய்வாளரின் மேற்கோட் கணக்கும்

ஓர் ஆய்வாளரின் தகைமையை அவர் வெளியிட்ட கட்டுரைகளின் தொகையாலும், அவற்றைப் பிறர் எத்துணை முறை மேற்கோள் காட்டினர் என்னும் கணக்காலும் அளக்கும் வழக்கம் இன்று பல்கலைக்கழகங்களில் வேரூன்றிவிட்டது. 1955இல் யூஜின் கார்ஃபீல்ட் முன்மொழிந்த மேற்கோள் அட்டவணை இதற்கு வித்திட்டது. 2005இல் ஹிர்ஷ் என்னும் பௌதிகவியலாளர் வகுத்த சுட்டெண் அதனை ஒற்றை இலக்கமாகவே சுருக்கிவிட்டது. இவ்வளவுகோல் எதனைக் காட்டும், எதனைக் காட்டாது என்பதற்கு ஊவா மலைநாட்டிலேயே பழைய சான்று ஒன்று உண்டு.

1869ஆம் ஆண்டு மடுல்சீமைக் கோப்பித் தோட்டங்களில், இலைகளின் அடிப்புறத்தே செம்மஞ்சள் நிறப் பொடி படர்ந்தமை காணப்பட்டது. ஊவா தனி மாகாணமானது 1886இலேயே என்பதால், அன்று அப்பகுதி மத்திய மாகாணத்துள் அடங்கியிருந்தது. நோயுற்ற இலைகள் பேராதனைத் தாவரவியற் பூங்காவின் பணிப்பாளர் துவெயிற்சின் கைக்கு எட்டின. அவர் வழி இங்கிலாந்திலிருந்த பேர்க்லி பாதிரியாரைச் சென்றடைந்தன. பங்கசுகளை ஆராய்வதில் தமக்கு நிகரற்றவராக விளங்கிய பேர்க்லி, அவ்வாண்டு நவம்பர் 6ஆம் திகதிய தோட்டக்கலை வார இதழொன்றில் அதனை விவரித்து, 'ஹெமிலெயா வஸ்ராற்றிக்ஸ்' எனப் பெயரிட்டார். வித்தியின் ஒரு பாதி வழுவழுப்பாயிருத்தலின் முதற்பெயர். பாழ்படுத்துவது என்னும் பொருளில் இரண்டாவது. தாவரவியல் மரபின்படி இனப்பெயருக்குப் பின் பெயரிட்டோர் பெயரும் எழுதப்படும். ஆதலின் இந்நோயைப் பற்றி எழுதுவோர் இன்றளவும் பேர்க்லியையும் அவர்தம் துணைவர் புறூமையும் முறைப்படி குறிப்பிடுகின்றனர். இதனினும் நீடித்த மேற்கோள் வேறு எவ்வாய்வாளருக்கு வாய்க்கும்?

ஆயினும் பெயரிடுதல் வேறு, விளங்கிக்கொள்ளுதல் வேறு. மண் சோர்ந்தது என்றும் மழை பிழைத்தது என்றும் தோட்டத் துரைமார் பலவாறு கூறிக்கொண்டிருந்த வேளையில், 1880இல் அரசினர் ஹரி மார்ஷல் வோட் என்னும் இளைஞரை வரவழைத்தனர். முப்பது வயதும் நிரம்பாதவர். இரண்டு ஆண்டுகளே அவர் இங்கிருந்தார். கிளிசரின் பூசிய கண்ணாடித் தகடுகளைத் தோட்டங்களில் வைத்து, காற்றில் மிதந்துவந்த வித்திகளைப் பிடித்தார். ஈரமுள்ள இலையில் வித்தி முளைத்து, இலைவாய் வழியே உட்புகுவதை நுணுக்குக்காட்டியிற் கண்டு படிப்படியாக விளக்கினார். இடைவெளியின்றி மலை மலையாக ஒரே பயிரை நட்டமையே நோய்க்கு வழி திறந்தது என்றும் அவர் சுட்டினார். அவருடைய முடிவுகள் அரசாங்க அறிக்கைகளிலும், 1882இல் இலண்டன் லினேயன் சங்கத்தின் ஏட்டிலும் நுணுக்குக்காட்டி ஆய்வேடு ஒன்றிலும் வெளிவந்தன.

துரைமார் வேண்டியது மருந்து. வோட்டிடம் அது இருக்கவில்லை. வித்தி முளைக்குமுன் இலையைக் காத்தல் வேண்டும் என்றாரேயன்றி, அதற்கேற்ற பொருள் அவர் கைக்கு எட்டவில்லை. செப்புச் சுண்ணக் கலவையாகிய போர்டோக் கலவை பிரான்சில் அறிமுகமானது 1885இல். வோட் தீவைவிட்டு மூன்றாண்டுகள் கழிந்தபின். அக்காலத்தார் கண்ணில் அவரது பணி தோல்வியே. பிற்காலத்தார் கண்ணிலோ தாவர நோயியலின் அடித்தளங்களுள் ஒன்று. அவர் 1895இல் கேம்பிறிட்ஜிற் பேராசிரியரானார். 1970இல் பிரேசிலின் பாகியா மாநிலத்தில் இதே துரு தோன்றியபோதும், 2012இல் மத்திய அமெரிக்காவைத் தாக்கியபோதும், அந்நோயின் வரலாறு எழுதப் புகுந்தோர் இலங்கையிலிருந்தே தொடங்க வேண்டியிருந்தது.

மேற்கோட் கணக்கு இத்தனையையும் காட்டும். காட்டாதது ஒன்றுண்டு. 1870ஆம் ஆண்டளவில் இத்தீவு ஏறத்தாழப் பத்து இலட்சம் அந்தர் கோப்பியை ஏற்றுமதி செய்தது. இருபது ஆண்டுகளுள் அத்தொழில் அநேகமாக மறைந்தது. கோப்பிப் பணத்தில் ஊன்றி நின்ற ஒறியன்ரல் வங்கியும் 1884இல் முறிந்தது. கோப்பிக் காலத்தில் தமிழகத்திலிருந்து மன்னார்க் கரையில் இறங்கிக் காட்டுவழி நடந்து வந்தோருட் பெரும்பாலோர், பழம் பறித்து முடிந்ததும் ஊர் திரும்புவோர். கோப்பியை அடுத்து வந்த தேயிலையோ ஆண்டு முழுவதும் கொழுந்து தரும் பயிர்; அதற்கு இங்கேயே தங்கிக் குடும்பமாக உழைப்போர் தேவைப்பட்டனர். பதுளை, பசறை, மடுல்சீமை மலைகளின் லயங்களில் ஒரு மக்கட் கூட்டம் நிலைகொண்டமைக்கு அந்தச் செம்மஞ்சட் பொடியும் ஒரு காரணம். அவர்தம் வழித்தோன்றல்களுட் பெரும்பாலோரை 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம் நாடற்றோராக்கியது என்பது பிறிதொரு கட்டுரைக்குரிய பொருள்.

நாள்தோறும் கோப்பிச் செடியின் அருகே நின்றோர் துரைமார் அல்லர், தொழிலாளரே. மடுல்சீமையில் அந்தப் பொடியை முதன்முதல் விரலால் தொட்டுப் பார்த்தவர் எவராயினும், பேர்க்லியின் கட்டுரையில் அவருக்கு இடமில்லை. இன்று அம்மலைகளில் தேயிலையே விளைகிறது. வீட்டுத் தோட்டங்களில் எஞ்சிய கோப்பிச் செடிகளின் இலையைத் திருப்பிப் பார்ப்போர், அதே செம்மஞ்சட் பொடியை இன்னும் காணலாம்.