சப்ரகமுவ தோட்டங்களுக்குக் கசெட்டில் வந்த சிரிப்புப் படங்கள்

கிளிநொச்சியில் இருக்கும் மச்சான் போன மாதம் அழைத்திருந்தார். அத்தைக்கு 'காதலிக்க நேரமில்லை' பார்க்க வேண்டுமாம். "முழுசா இருக்கிற கொப்பி வேணும். கடைசி அரை மணித்தியாலம் கட்டாயம் இருக்க வேணும்" என்றார். ஏன் கடைசி அரை மணித்தியாலம் என்று நான் கேட்கவில்லை, காரணம் எனக்கும் தெரியும்.

1983 சித்திரை வருடப்பிறப்பு. காவத்தைப் பக்கம் எங்கள் ரப்பர் தோட்டத்தில், பிள்ளைக் காம்பராவுக்கு முன்னால் தொலைக்காட்சிப் பெட்டியையும் டெக்கையும் ஒரு மேசையில் வைத்து மூன்று படம் ஓட்டினார்கள். எனக்கு ஒன்பது வயது. லயத்தில் மின்சாரம் இல்லை. வீட்டுக்கு இவ்வளவு என்று காசு சேர்த்து, டவுனிலிருந்து ஜெனரேட்டரையும் சேர்த்தே வாடகைக்குக் கொண்டுவந்திருந்தார்கள். முதலில் ஒரு சாமிப் படம், இரண்டாவது ஒரு சண்டைப் படம். மூன்றாவதாக, நடுச்சாமத்துக்குப் பிறகு, 'காதலிக்க நேரமில்லை'. கலியாணக் குழப்பம் உச்சத்துக்கு வந்த நேரம் ஜெனரேட்டர் எண்ணெய் தீர்ந்து நின்றுவிட்டது. மிச்சத்தைத் தீபாவளிக்குப் பார்ப்போம் என்று பெரியவர்கள் சொன்னார்கள். தீபாவளி வர முன்னர் ஜூலை வந்தது.

அதற்கு இரண்டு வருடம் முன்னர், 1981 ஓகஸ்டில், இரத்தினபுரி, காவத்தை, பெல்மதுளைப் பக்கத் தோட்டங்களில் நடந்தது எல்லோருக்கும் நினைவில் இருந்தது. அதனால் கொழும்புச் செய்தி வந்ததும் அத்தை குடும்பம் காத்திருக்கவில்லை. வவுனியாவுக்குப் போய், அங்கிருந்து வன்னிக்குள் இறங்கிவிட்டார்கள். நாங்கள் தங்கிவிட்டோம். எந்த முடிவு சரி என்று இன்றுவரை எங்கள் குடும்பத்தில் ஒருவரும் பேசியதில்லை.

மச்சானுக்குக் கொப்பி தேடப் போய் எனக்குத் தெரிய வந்த விடயங்களைத்தான் இங்கே எழுதுகிறேன். இதே மாதிரித் தேடுகிற ஆட்கள் இன்னும் பலர் இருப்பீர்கள்.

முதலில் இந்த வகைப் படம் என்ன என்று பார்ப்போம். அமெரிக்காவில் 1930களில் இதற்கு 'ஸ்குரூபோல் கொமெடி' என்று பெயர் வந்தது. பேஸ்போல் விளையாட்டில் எதிர்பாராத பக்கமாக வளைந்து போகும் பந்துக்கு உள்ள பெயர் அது. பணக்கார வீட்டுப் பெண், கையில் காசில்லாத ஆண், ஒரு பொய், அந்தப் பொய்யைக் காப்பாற்ற இன்னும் பத்துப் பொய், மூச்சு விடாத வசனம், கடைசியில் கலியாணம். 1934இல் பிராங்க் காப்ரா இயக்கிய 'இட் ஹப்பன்ட் வன் நைட்' இந்த வகைக்கு வழி திறந்தது. அந்த வருடம் சிறந்த படம், இயக்குநர், நடிகர், நடிகை, திரைக்கதை ஆகிய ஐந்து ஒஸ்கார் விருதுகளும் அதற்கே கிடைத்தன. பொருளாதார மந்தத்தில் வேலையிழந்து நின்ற சனம் பணக்காரர்கள் தடுமாறுவதைக் காசு கொடுத்துப் பார்த்துச் சிரித்தது.

அந்தக் கதை எங்கள் பக்கமும் வந்தது. ராஜ் கபூர், நர்கிஸ் நடித்த 'சோரி சோரி' (1956) அதன் இந்தி வடிவம். வீட்டை விட்டு ஓடிவரும் ஜமீன் வீட்டுப் பெண்ணும் பத்திரிகைக்காரனும் என்ற அதே கருவை எம்.ஜி.ஆர்., ஜெயலலிதா நடித்த 'சந்திரோதய'த்திலும் (1966) காணலாம். ஆனால் தமிழில் இந்த வகைக்கு அமெரிக்கா மட்டும்தான் மூலம் என்று சொல்ல மாட்டேன். பம்மல் சம்பந்த முதலியாரின் நாடகத்திலிருந்து ஏவி.எம். எடுத்த 'சபாபதி' 1941இலேயே வந்துவிட்டது. டி.ஆர். ராமச்சந்திரன் எசமான், காளி என். ரத்தினம் வேலைக்காரன், இருவருக்கும் ஒரே பெயர். எசமானை விட வேலைக்காரன் முட்டாளா, அல்லது எசமான்தான் முட்டாளா என்பதே படம்.

வங்காளத்திலிருந்தும் நிறைய வந்தது. 'மிஸ்ஸியம்மா' (1955) ஒரு வங்காளக் கதையின் தழுவல். 'அடுத்த வீட்டுப் பெண்' (1960) இன்னொன்று. இதே கதைதான் இந்தியில் 'படோசன்' (1968). 'மிஸ்ஸியம்மா'வில் கணவன் மனைவியாக வருகிறவர்களுக்கே ஆசிரியர் வேலை என்று விளம்பரம் வரும். கலியாணமே ஆகாத ஜெமினி கணேசனும் கிறிஸ்தவப் பெண்ணான சாவித்திரியும் தம்பதிகளாக நடித்து வேலையில் சேர்ந்துவிடுவார்கள். பெயர், மதம், உறவு எல்லாமே பொய்.

இந்தப் படத்தை வளர்ந்த பிறகு திரும்பப் பார்த்தபோது எனக்குச் சிரிப்போடு வேறு ஒன்றும் வந்தது. ஆள் மாறாட்டப் படங்களில் பிடிபடுவதுதான் பகிடி. பிடிபட்டால் ஒரு கோபம், ஒரு அழுகை, பிறகு மாலை மாற்றல். 1983இல் 'வாளி'க்குச் சிங்களச் சொல்லைச் சொல்லச் சொல்லி ஆளைப் பிரித்த வீதிகளில், பேச்சுப் பிசகினால் நடந்தது வேறு. பஸ்ஸில் வாயைத் திறக்காமல் கொழும்பிலிருந்து வந்து சேர்ந்த என் சித்தப்பாவுக்கு 'மிஸ்ஸியம்மா'தான் மிகப் பிடித்த படம். அவரிடம் காரணம் கேட்டால் சாவித்திரி என்பார்.

இனி 'காதலிக்க நேரமில்லை'. 1964 பெப்ரவரியில் வெளியானது. ஸ்ரீதர் இயக்கம், சித்ராலயா கோபுவின் பங்களிப்போடு கதை வசனம், வின்சென்டின் ஈஸ்ட்மன் கலர் ஒளிப்பதிவு, விஸ்வநாதன் – ராமமூர்த்தி இசை. ரவிச்சந்திரனுக்கும் காஞ்சனாவுக்கும் இதுதான் அறிமுகம். முத்துராமன் பணக்காரத் தகப்பனாக வேடம் போடுவார். பாலையாவுக்கு நாகேஷ் பேய்க்கதை சொல்லும் கட்டத்தை வாடகைக் கசெட்டுகளில் ஆட்கள் திரும்பத் திரும்ப ஓட்டியிருப்பார்கள். எங்களுக்கு வந்த கசெட்டில் சரியாக அந்த இடத்தில் கோடு கோடாக விழுந்தது.

தோட்டத்துக்காரர்கள் இதை வேறு மாதிரிப் பார்த்தார்கள் என்பது என் கருத்து. பாலையா அதில் எஸ்டேட் முதலாளி. அவரிடம் வேலை பார்த்த ரவிச்சந்திரனை வேலையை விட்டு நிறுத்திவிடுவார்கள். அவன் போய் முதலாளி வீட்டு வாசலிலேயே கூடாரம் அடித்து, வேலையைத் திருப்பித் தா என்று பாட்டுப் பாடுவான். சென்னையில் இதற்கு எப்படிச் சிரித்தார்களோ தெரியாது. பங்களாப் பக்கம் செருப்புப் போட்டு நடந்த காலத்தையே அப்போதுதான் கண்ட எங்கள் ஆட்கள் அந்த இடத்தில் கைதட்டினார்கள். தலைவர்மார் எழும்பி நின்றே கைதட்டினார்கள்.

அதே 1964 ஒக்டோபர் 30இல் தான் சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் கைச்சாத்தானது. 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மிச்சம் 1,50,000 பேர் பிறகு பேசித் தீர்க்க. படம் பார்த்து வந்த சனத்தைப் பத்தே வருடத்துக்குள் கப்பலேற்றத் தொடங்கியிருந்தார்கள். காவத்தையில் எங்கள் பக்கத்துக் காம்பராவும் அப்படித்தான் காலியானது.

எழுபதுகளில் புதிய இந்தியப் படங்கள் வருவது குறைந்தது. 1972இல் அரச திரைப்படக் கூட்டுத்தாபனம் வந்து, இறக்குமதியும் விநியோகமும் அதன் கைக்குப் போயின. தியேட்டர்களில் பழைய பிரதிகளே சுற்றிச் சுற்றி ஓடின. அதில் ஒரு நல்லதும் நடந்தது. உள்நாட்டுத் தமிழ்ப் படங்களுக்கு இடம் கிடைத்தது. எஸ். ராம்தாஸின் வானொலி நாடகம் 'கோமாளிகளின் கும்மாளம்', 'கோமாளிகள்' (1976) என்ற படமாக வந்தது. மரிக்காராக ராம்தாஸ், அப்புக்குட்டியாக ராஜகோபால், உபாலியாக செல்வசேகரன். முஸ்லிம் தமிழ், யாழ்ப்பாணத் தமிழ், சிங்களவர் பேசும் தமிழ் மூன்றும் ஒன்றோடொன்று மோதும்போது வரும் சிரிப்பு அது. அந்த மாதிரிப் படத்தை இந்தியாவில் எடுக்க முடியாது. 1978இல் 'ஏமாளிகள்' வந்தது. தோட்டக் கதை சொன்ன 'புதிய காற்று' (1975) வி.பி. கணேசனின் படம்.

1983 ஜூலையில் ஹெந்தளையில் கே. குணரத்தினத்தின் விஜயா ஸ்ரூடியோ எரிக்கப்பட்டது. அங்கிருந்த படச்சுருள்களும் போயின. தமிழ்ப் படங்கள் மட்டுமல்ல, சிங்களப் படங்களும். பழைய இலங்கைப் படம் ஒன்றைக் காணக் கிடைக்காமல் தேடுகிறவர்கள் இதை முதலில் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும்.

கசெட் விடயத்துக்கு வருகிறேன். வி.எச்.எஸ். 1976இல் ஜப்பானில் வந்தது. எங்களுக்குத் திறந்த பொருளாதாரமும் மத்திய கிழக்கு வேலையும்தான் டெக்கைக் கொண்டுவந்தன. ரூபவாஹினி 1982 பெப்ரவரியில் தொடங்கிய பிறகு பெட்டி வாங்குவதும் கூடியது. மூன்று மணித்தியால ஈ-180 கசெட்டில் ஒரு தமிழ்ப் படம் சரியாக அடங்கும். அரை வேகத்தில் பதிந்தால் இரண்டு அடங்கும், படம் மங்கும். கடைக்காரர் ஒரு கசெட்டிலிருந்து இன்னொன்று, அதிலிருந்து இன்னொன்று என்று எடுக்க எடுக்க நிறம் கரையும். எங்கள் பாலையா ரோசா நிறத்தில்தான் இருந்தார்.

கனடாவிலிருந்து உறவினர் அனுப்பிய கசெட் ஓடவில்லை என்ற புகாரை எத்தனையோ வீடுகளில் கேட்டிருப்பீர்கள். பழுது கசெட்டில் இல்லை. வட அமெரிக்காவில் என்.டி.எஸ்.சி. முறை, இலங்கையிலும் ஐரோப்பாவிலும் பால் முறை. இரண்டும் தெரிந்த டெக் இல்லாவிட்டால் படம் உருளும், அல்லது நிறமில்லாமல் வரும். அப்படிப்பட்ட கசெட் வீட்டில் இன்னும் கிடந்தால் எறியாதீர்கள். அதில் உங்கள் வீட்டுக் கலியாணமும் பதிந்திருக்கக் கூடும்.

வன்னியில் இந்த வசதியும் இல்லை. பொருளாதாரத் தடைக் காலத்தில் பற்றரி கூடக் கொண்டுபோக முடியாது, எரிபொருளுக்கு அளவு. சைக்கிள் டைனமோவில் வானொலி கேட்கலாம், டெக் ஓட்ட முடியாது. அத்தை படம் பார்க்காத வருடங்கள் அவை.

பிறகு வி.சி.டி. வந்தது. ஒரு தட்டில் ஏறக்குறைய 74 நிமிடம்தான் அடங்கும். ஆகவே ஒரு படத்துக்கு இரண்டு அல்லது மூன்று தட்டு. மூன்றாவது தட்டு தொலைந்த படங்கள் எங்கள் வீட்டில் ஒரு பெட்டி நிறைய இருந்தன. 2007இல் இந்தியாவில் மோசர் பேர் நிறுவனம் வி.சி.டி.யை 28 ரூபாவுக்கும் டி.வி.டி.யை 34 ரூபாவுக்கும் விற்கத் தொடங்கியபோது பழைய படங்கள் முதல் தடவையாகத் திருட்டுக் கொப்பியின் விலைக்கே முறையாகக் கிடைத்தன. லண்டனிலிருந்து ஐங்கரன் புலம்பெயர்ந்தவர்களுக்காக டி.வி.டி. வெளியிட்டு வந்தது. ஆனால் மலிவு வேறு, நல்ல பிரதி வேறு.

அமெரிக்கப் படங்களுக்கும் இதே கதைதான். 'மை மான் கொட்பிரே' (1936), 'ஹிஸ் கேர்ள் பிரைடே' (1940) இரண்டுக்கும் 28 வருடத்தில் புதுப்பிக்க வேண்டிய உரிமையை யாரும் புதுப்பிக்கவில்லை. யாரும் விற்கலாம் என்று ஆனதும் மங்கல் கொப்பிகள் சந்தையை நிறைத்தன. கிரைட்டீரியன் நிறுவனம் முதலாவதை 2001இலும் இரண்டாவதை 2017இலும் நல்ல பிரதியாக வெளியிட்டது. வெளியானபோது தோல்வியடைந்த 'பிரிங்கிங் அப் பேபி' (1938) 2021 வரை அங்கே காத்திருந்தது.

இந்தியச் சட்டப்படி திரைப்படத்தின் உரிமை, வெளியான ஆண்டுக்கு அடுத்த ஆண்டிலிருந்து 60 வருடம். 'சபாபதி', 'மிஸ்ஸியம்மா' எப்போதோ வெளியே வந்துவிட்டன. 'காதலிக்க நேரமில்லை' 2024 முடிவுடன் வந்தது. இசைக்கும் எழுத்துக்கும் தனி உரிமை உண்டு என்பதால் எல்லாமே இலவசம் என்று நினைக்க வேண்டாம். எனக்குப் பயம் வேறு. அமெரிக்காவில் நடந்தது போல ஆளுக்கொரு வெட்டுப் பிரதியை இணையத்தில் ஏற்றுவார்கள். தேடும்போது ஓடும் நேரத்தைப் பாருங்கள். இரண்டு மணித்தியாலத்துக்குக் குறைவாக இருந்தால் பாட்டுகளையாவது வெட்டியிருப்பார்கள்.

நான் நான்கு கொப்பி பார்த்தேன். இரண்டில் பாட்டில்லை, ஒன்றில் கறுப்பு வெள்ளை மாதிரி நிறம். நான்காவது முழுசாக, பாலையா பாலையாவின் நிறத்தில். பென் டிரைவில் போட்டுக் கிளிநொச்சி போகும் ஒருவரிடம் கொடுத்தேன்.

மூன்று நாள் கழித்து அத்தையே பேசினார். படம் நல்லாயிருந்ததா என்று கேட்டேன். இருந்ததாம். பேய்க்கதைக் கட்டம் தான் நினைத்ததை விடச் சின்னதாம். "அந்தக் கூடாரம் அடிச்ச பொடியனுக்கு முதலாளி மகளையே குடுத்துட்டாங்க, சரி. வேலைய திருப்பிக் குடுத்தாங்களா இல்லையா, அதைக் காட்டலையே" என்றார். நான் திரும்ப ஓட்டிப் பார்த்துச் சொல்வதாகச் சொல்லியிருக்கிறேன்.